மார்பக அறுவைக்குப் பின் கை வீக்கம்: நிணநீர் மசாஜை எங்கே தொடங்குவது, எவ்வளவு அழுத்துவது

கேள்வி: அம்மாவுக்கு 56 வயது. வலது மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்து, அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். கதிர்வீச்சும் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது வலது கை விரலிலிருந்து முழங்கைக்கு மேல்வரை வீங்கி, பாரமாக இருக்கிறது என்கிறார். தினமும் நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்து, விரலிலிருந்து தோள்பக்கமாக அழுத்தி உருவிவிடுகிறோம். அப்போதைக்குக் குறைகிற மாதிரி இருக்கிறது, மறுநாள் பழையபடி வீங்கிவிடுகிறது. சரியான மசாஜ் முறை என்ன?

பதில்: முதலில் உருவிவிடுவதை நிறுத்துங்கள். சூடான எண்ணெய், அழுத்தம், விரல் நுனியில் தொடங்குவது என்று நீங்கள் செய்யும் மூன்றுமே இந்த வீக்கத்துக்கு எதிரானவை. இது தசை வலியோ சுளுக்கோ இல்லை. நிணநீர், அதாவது திசுக்களிலிருந்து வடிந்து மறுபடி ரத்தத்தில் கலக்கும் நீர், வடிய வழியில்லாமல் தோலுக்கு அடியில் தேங்குவதால் வரும் வீக்கம். இதற்கென்று தனி மசாஜ் இருக்கிறது. பார்ப்பவர்களுக்கு 'இதெல்லாம் ஒரு மசாஜா' என்று தோன்றும் அளவுக்கு லேசானது.

கை வைப்பதற்கு முன் ஒரு முறை புற்றுநோய் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சிகிச்சை முடிந்து ஒன்றரை வருடம் கழித்துக் கை வீங்குவது சகஜம்தான். ஆனாலும் அக்குளிலோ கழுத்திலோ நோய் திரும்பி வந்து வழியை அடைக்கவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். ஓரிரு நாளில் திடீரென்று வீங்கியது, கடுமையான வலி, விரல்களில் மரத்துப்போதல், தோளிலும் மார்பிலும் நரம்பு புடைத்து நீலம் பாய்வது, இவற்றில் ஏதாவது இருந்தால் அன்றே காட்ட வேண்டும். ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம், ஸ்கேன் எடுத்துத்தான் தெரியும். அந்த நிலையில் மசாஜ் ஆபத்து. கை சிவந்து சூடாகிக் குளிர்க்காய்ச்சல் அடித்தாலும் மசாஜ் கூடாது, அது தோலுக்கடியில் பாக்டீரியா தொற்று. கட்டுப்பாட்டில் இல்லாத இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் செய்யக் கூடாது. தேங்கிய நீரை மொத்தமாக ரத்தத்துக்குள் தள்ளினால் இதயம் தாங்காது.

இனி, ஏன் லேசாகத் தொட வேண்டும் என்பது. நிணநீரை முதலில் உறிஞ்சும் நுண்குழாய்கள் தோலின் மேலடுக்குக்குச் சற்றே கீழே வலையாகப் பரவியிருக்கின்றன. அவற்றின் சுவரை மெல்லிய இழைகள் சுற்றியுள்ள திசுவோடு பிணைத்திருக்கும். தோல் பக்கவாட்டில் இழுபடும்போது அந்த இழைகள் குழாய்ச் சுவரின் இடுக்கைத் திறந்துவிடும், நீர் உள்ளே போகும். தோலை விட்டதும் இடுக்கு மூடிக்கொள்ளும். ஆக வேலை நடப்பது தோலை இழுத்து விடுவதில்தான், அழுத்துவதில் இல்லை. ஓங்கி அழுத்தினால் அந்த நுண்குழாய்கள் நசுங்கி மூடிக்கொள்கின்றன. தோல் சிவக்கிறது, அதாவது அங்கே ரத்த ஓட்டம் கூடுகிறது, தந்துகிகள் எனும் நுண் ரத்தக்குழாய்களிலிருந்து இன்னும் கொஞ்சம் நீர் கசிகிறது. சூட்டு ஒத்தடமும் காய்ச்சிய எண்ணெயும் செய்வது இதே வேலைதான். உருவி முடித்ததும் கை லேசாகத் தெரிவது, நீர் அந்த நேரத்துக்கு மேல்கைப் பக்கம் நகர்ந்ததால். அங்கிருந்து போக்கிடம் இல்லாததால் திரும்பி வந்துவிடுகிறது.

இந்த முறையை உருவாக்கியவர்கள் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர், எஸ்ட்ரிட் வோடர் தம்பதி. பிரான்சின் கான் நகரில் 1930களில், சளி பிடித்து கழுத்தில் நெறிகட்டியவர்களிடம் செய்து பார்த்துத் தொடங்கினார்கள். 1936இல் பாரிசில் இதை வெளியிட்டார்கள். பின்னர் ஜெர்மனியில் மிஹாயேல் ஃபோல்டி இதைக் கட்டுப்போடுதல், உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு ஆகியவற்றோடு சேர்த்து ஒரே சிகிச்சையாக்கினார். இன்று உலகம் முழுக்கக் கடைப்பிடிப்பது அந்தச் சேர்க்கையைத்தான். மசாஜ் அதில் ஒரு கால் பங்கு மட்டுமே என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் மசாஜை மட்டும் கற்றுக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள்.

வரிசைதான் இதில் உயிர். தூர்ந்த வாய்க்காலைத் தண்ணீர் வெளியேறும் முனையிலிருந்து பின்னோக்கித் தூர்வாருவது மாதிரி, நிணநீர் போய்ச் சேரும் இடத்தை முதலில் திறந்துவிட்டு, கடைசியாகத்தான் வீங்கிய இடத்துக்கு வர வேண்டும். உடம்பின் நிணநீர் முழுவதும் காறை எலும்புக்குப் பின்னால், கழுத்தின் அடியில் இருக்கும் பெரிய சிரைகளில்தான் கலக்கிறது. தோலின் நிணநீர் பகுதி பகுதியாகப் பிரிந்து வடியும். நெஞ்சின் நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் வலது அக்குளுக்கு, இடப்பக்கம் இடது அக்குளுக்கு. தொப்புள் மட்டத்துக்குக் கீழே அந்தந்தப் பக்கத் தொடை இடுக்குக்கு. அம்மாவுக்கு வலது அக்குளின் வழி அடைபட்டிருக்கிறது. எனவே நீரை இந்த எல்லைகளைத் தாண்டி, பக்கத்தில் நன்றாக வேலை செய்யும் இடது அக்குளுக்கும் வலது தொடை இடுக்குக்கும் திருப்பிவிட வேண்டும்.

அம்மா மல்லாந்து படுக்கட்டும், வலது கைக்குக் கீழே தலையணை வைத்து நெஞ்சு மட்டத்துக்கு மேல் உயர்த்துங்கள். எண்ணெய், பவுடர், கிரீம் எதுவும் வேண்டாம். கை வழுக்கினால் தோல் இழுபடாது. விரல்களைச் சேர்த்துத் தட்டையாகத் தோலில் பதியவைத்து, போக வேண்டிய திசையில் அரை வட்டமாகத் தோலையே நகர்த்துங்கள். உங்கள் கை தோல்மேல் தேயக் கூடாது, தோல்தான் கையோடு வர வேண்டும். இழுவை முடிந்ததும் கையை எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் முழுதாக விட்டுவிடுங்கள், தோல் தானாகத் தன் இடத்துக்குத் திரும்பும். ஓர் அசைவுக்கு இரண்டு மூன்று விநாடி. ஓர் இடத்தில் ஐந்து முதல் ஏழு தடவை. விரலுக்கு அடியில் தசை தட்டுப்பட்டால் அழுத்தம் அதிகம். தோல் சிவந்தாலும் அதிகம். அம்மாவுக்கு வலித்தால் மிக அதிகம். புதிதாகச் செய்பவர்கள் எல்லாரும் தவறுவது விடும் கட்டத்தில்தான்: இழுத்ததும் அடுத்த இழுவைக்கு அவசரப்படுவார்கள். விட்ட நேரத்தில்தான் குழாய் மூடி, உள்ளே வந்த நீர் மேலே நகர்கிறது.

தொடக்கம் கழுத்து. காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் இரு பக்கமும் விரல்களை வைத்து, உள்நோக்கியும் கீழ்நோக்கியும் தோலை நகர்த்துங்கள். கழுத்தின் பக்கவாட்டில், நாடி துடிக்கும் இடத்தில் கைவைக்கத் தேவையில்லை. தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்கும் கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர்களுக்கும் கழுத்தையே விட்டுவிடலாம். அடுத்து வயிறு: தொப்புளுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, மூக்கால் மூச்சிழுத்து வயிறு கையைத் தூக்கும்படி ஐந்து தடவை, நிதானமாக. உடம்பின் பெரும்பகுதி நிணநீரை ஏற்றிச் செல்லும் மார்புக் குழாய் வயிற்றிலிருந்து நெஞ்சு வழியாக மேலேறுகிறது. ஆழ்ந்த மூச்சு அதற்குள் இருக்கும் நீரை மேலே இழுத்துவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட அம்மா இதைச் செய்யலாம்.

பிறகு இடது அக்குள். உள்ளங்கையை அக்குள் குழியில் பதித்து உள்ளேயும் மேலேயும் வட்டமாக. அதன்பின் நெஞ்சைக் குறுக்கே கடக்க வேண்டும். இங்கேதான் குழப்பம் வரும். அசைவின் திசை எப்போதும் இடதுநோக்கி. நீங்கள் நகரும் திசை வலதுநோக்கி. முதலில் இடது அக்குளை ஒட்டிய இடம், பிறகு நடு நெஞ்செலும்பு, பிறகு வலது மார்பின் மேற்பகுதி, கடைசியில் வலது அக்குளின் விளிம்பு. ஒவ்வோர் இடத்திலும் தோலைத் தள்ளுவது இடது அக்குளை நோக்கியே. கதிர்வீச்சு பட்ட தோல் கறுத்து, உரிந்து, புண்ணாக இருந்தால் அதன்மேல் கைவைக்கவே கூடாது. ஆறிப் பல மாதமாகி, ஆனால் தடித்து இறுகியிருந்தால், அந்தப் பட்டையைத் தவிர்த்து முதுகுப்பக்கமாக இடது அக்குளுக்குத் திருப்புவது நல்லது. அதற்கு அம்மா ஒருக்களித்துப் படுக்க, இன்னொருவர் செய்ய வேண்டும்.

அடுத்து வலது தொடை இடுக்கு. மடிப்புக்குச் சற்றுக் கீழே விரல்களைப் பதித்து வயிற்றை நோக்கி. அது முடிந்ததும் வலது விலாப்பக்கம்: இடுப்பில் தொடங்கி, படிப்படியாக விலாவுக்கும் அக்குளுக்குக் கீழேயும் ஏறுங்கள். தோலைத் தள்ளுவது மட்டும் ஒவ்வொரு படியிலும் கீழ்நோக்கி.

இவ்வளவும் முடித்த பிறகே கை. தோள்பட்டையின் மேல்வளைவில் தொடங்கி, மேல்கையின் வெளிப்புறம். உள்புற நீரை முதலில் வெளிப்புறத்துக்குத் திருப்பி, அங்கிருந்து தோளைத் தாண்டி மேலே அனுப்ப வேண்டும். பழக்கத்தில் கை வலது அக்குளுக்குள் தள்ளத்தான் பார்க்கும், அங்கே வழியில்லை. பிறகு முழங்கை மடிப்பு, முன்கை, புறங்கை, விரல்கள். விரல்வரை வந்ததும் அதே பாதையில் விரலிலிருந்து தோள்வரை ஒரு சுற்று, பிறகு நெஞ்சும் விலாவும் ஒரு சுற்று, கடைசியில் கழுத்து. சிகிச்சையாளர் செய்தால் 45 முதல் 60 நிமிடம் ஆகும். வீட்டில் அம்மாவே தனக்குச் செய்துகொள்ள 20 நிமிடம் போதும். நேரமில்லாத நாளில் கையை விட்டுவிட்டு, கழுத்து, மூச்சு, இடது அக்குள், நெஞ்சு, தொடை இடுக்கு, விலா மட்டும் செய்தாலே பயன் உண்டு. கையை மட்டும் செய்து மற்றதை விட்டால் பயனில்லை.

இப்போது கசப்பான பகுதி. இந்த மசாஜை எவ்வளவு கச்சிதமாகச் செய்தாலும், முடித்த கையோடு கட்டோ அழுத்த உறையோ போடாவிட்டால் சாயங்காலத்துக்குள் வீக்கம் திரும்பும். வீக்கத்தை நிஜமாகக் குறைப்பதும் பிடித்துவைப்பதும் அழுத்தக் கட்டுதான். மார்பகப் புற்றுநோய்க்குப் பிந்தைய கை வீக்கம் பற்றி 2015இல் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வும், கட்டோடு சேர்த்துச் செய்யும்போது மசாஜ் பாதுகாப்பானது, கூடுதலாகக் கொஞ்சம் பலன் தரலாம் என்ற அளவில்தான் சொல்கிறது.

சிகிச்சையின் முதல் கட்டம் இரண்டு முதல் நான்கு வாரம், வாரத்தில் ஐந்து நாள், பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டிடம். மசாஜ் முடிந்ததும் கையில் பருத்தி உறை, ஒவ்வொரு விரலுக்கும் மெல்லிய காஸ் கட்டு, அதன்மேல் பஞ்சுப் பட்டை, அதற்கு மேல் குறைவாக நீளும் வகைக் கட்டுத்துணி 6, 8, 10 சென்டிமீட்டர் அகலங்களில் அடுக்கடுக்காக. அடுத்த நாள் சிகிச்சைக்கு வரும்வரை கட்டு கையிலேயே இருக்கும். இதற்கு மருந்துக்கடை கிரேப் பேண்டேஜ் வாங்கிச் சுற்றாதீர்கள். அது நன்றாக நீண்டு சுருங்குவதால், கை சும்மா இருக்கும்போதும் இறுக்கிக்கொண்டே இருக்கும், கை அசையும்போது எதிர்த்து நிற்காது. நமக்கு வேண்டியது நேரெதிர்: ஓய்வில் லேசாகவும், தசை வேலை செய்யும்போது அசையாத சுவராகவும் இருக்க வேண்டும். தசை அந்தச் சுவரில் மோதும்போதுதான் நீர் நகர்கிறது. விரல் நுனி நீலமானாலோ மரத்தாலோ வலித்தாலோ, ராத்திரி இரண்டு மணியானாலும் கட்டை அவிழ்த்துவிடுங்கள். முன்கையில் மட்டும் கட்டி விரல்களை விட்டுவிட்டால் மறுநாள் புறங்கை பன் ரொட்டி மாதிரிப் புடைத்திருக்கும்.

குறைகிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அளக்க வேண்டும். மணிக்கட்டு எலும்பில் தொடங்கி 4 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, இரண்டு கையிலும் சுற்றளவு எடுங்கள், டேப்பை இறுக்காமல், தினமும் ஒரே நேரத்தில். ஒவ்வொரு சுற்றளவையும் அதாலேயே பெருக்கி, 3.14ஆல் வகுத்தால் அந்த 4 சென்டிமீட்டர் துண்டின் கொள்ளளவு மில்லிலிட்டரில் கிடைக்கும். முன்கையில் ஒரு புள்ளியில் வலது 26, இடது 23 என்றால்: 676ஐ வகுத்தால் 215 மில்லி, 529ஐ வகுத்தால் 168 மில்லி. அந்தச் சிறு துண்டில் மட்டும் 47 மில்லி கூடுதல். எல்லாத் துண்டுகளையும் கூட்டினால் மொத்த வீக்கம் தெரியும். ஏதேனும் ஒரு புள்ளியில் 2 சென்டிமீட்டர் வித்தியாசம், அல்லது மொத்தத்தில் 10 சதவீதம் அல்லது 200 மில்லி கூடுதல் இருந்தால் நிணநீர் வீக்கம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். வலது கைப் பழக்கம் உள்ளவருக்கு வலது கை இயல்பாகவே சற்றுப் பெருத்திருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இன்னொன்றும் பாருங்கள். முன்கையில் கட்டைவிரலால் அரை நிமிடம் அழுத்தி எடுத்தால் பள்ளம் விழுகிறதா? ராத்திரி கையை உயர்த்திப் படுத்தால் காலையில் வற்றுகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் ஆரம்ப நிலை, சீக்கிரம் பலன் தெரியும். உயர்த்தியும் வற்றவில்லை, அழுத்தினால் கல் மாதிரி இருக்கிறது, விரலடியின் புறப்பக்கத் தோலைக் கிள்ளித் தூக்க முடியவில்லை என்றால், தேங்கிய நிணநீரில் உள்ள புரதத்தால் திசு நாராக இறுகத் தொடங்கிவிட்டது. அப்போதும் குறைக்கலாம், ஆனால் கட்டுக்குள் ரப்பர் நுரைத் துண்டு வைப்பது, கடினமான இடங்களைத் தனி முறையில் இளக்குவது என்று சிகிச்சையாளர் கைதான் வேண்டும்.

சிறுநீர் போகும் மாத்திரையை இதற்கென்று கேட்டு வாங்காதீர்கள். அது தண்ணீரை மட்டும் இறக்கும், புரதம் கையிலேயே செறிந்து தங்கும். காற்றழுத்தும் உறை இயந்திரத்தை நெஞ்சையும் விலாவையும் திறந்துவிடாமல் மாட்டினால், கை வற்றித் தோளோரமும் மார்பும் வீங்குவதைப் பார்க்கலாம்.

அக்குளிலிருந்து முழங்கைவரை தோலுக்கடியில் கயிறு இழுத்துக் கட்டியது போன்ற தடிப்பு, கையை உயர்த்தினால் சுருக்கென்று இழுப்பது சிலருக்கு அறுவைக்குப் பிறகு சில வாரங்களில் வரும். அதற்குத் தோலை மெல்ல நீட்டி, தோளை அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திப் பழக்குவதுதான் வழி, இழுத்து அறுப்பதில்லை. தோள்பட்டையிலும் கழுத்திலும் இருக்கும் சாதாரணத் தசை இறுக்கத்துக்கு மேலோட்டமாகப் பிடித்துவிடலாம். ஆனால் வலது மார்பு, வலது முதுகு மேற்பகுதி, வலது கை ஆகியவற்றில் முழங்கையை வைத்து அழுத்தும் ஆழ் மசாஜ், கப்பிங் எல்லாம் கூடாது. மசாஜ் பார்லரில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வேலை செய்தால் கை வீங்கும் என்று கையை மடக்கி வைத்திருக்கும் அம்மாக்கள் நிறைய. அது பழைய பயம். கட்டோ உறையோ போட்டுக்கொண்டு விரல் மடக்கி விரிப்பது, மணிக்கட்டு, முழங்கை, தோள் ஒவ்வொன்றும் பத்துப் பத்துத் தடவை, காலை மாலை செய்யட்டும். மேற்பார்வையில் மெதுவாக எடை கூட்டித் தூக்கும் பயிற்சி வீக்கத்தைக் கூட்டவில்லை என்று 2009இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வு காட்டியது. திடீரென்று முழுக் குடத்தைத் தூக்குவது வேறு, அரைக் கிலோவில் தொடங்கிப் படிப்படியாக ஏறுவது வேறு.

தோல் இந்தக் கையில் வெடிக்கவோ கிழியவோ கூடாது, ஏனென்றால் தேங்கிய நிணநீரில் கிருமி வேகமாகப் பெருகும். ஒவ்வொரு தொற்றும் மிச்சமிருக்கும் குழாய்களையும் கெடுக்கும். அரிவாள்மனையில் காய் நறுக்குவது, தாளிக்கும்போது எண்ணெய் தெறிப்பது, நகத்தோலை ஒட்ட வெட்டுவது, பூனை நகம், இறுகிய வளையல், இவைதான் வீட்டில் கிருமிக்கு வாசல். பாத்திரம் தேய்க்கக் கையுறை, குளித்ததும் மணமில்லாத ஈரப்பசை கிரீம், ஊசியும் ரத்தம் எடுப்பதும் இடது கையில். கீறல் பட்டால் சோப்பு போட்டுக் கழுவி மருந்து போடுங்கள். தொற்று வந்தால் அன்றே மருத்துவர், ஆன்டிபயாடிக். சிவப்பும் வலியும் அடங்கி அவர் சரி என்ற பிறகே மறுபடி மசாஜும் கட்டும்.

யானைக்கால் வீக்கத்துக்கும் இதே மசாஜா என்று கேட்பவர்கள் உண்டு. அடிப்படை ஒன்றுதான், ஆனால் அங்கே முதல் வேலை வீங்கிய காலைத் தினமும் சோப்பு போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமின்றித் துடைத்து, வெடிப்புக்கும் பூஞ்சைக்கும் மருந்து போடுவது. அதைச் செய்யாமல் மசாஜுக்குச் செலவழிக்க வேண்டாம்.

சிகிச்சையாளரைத் தேடும்போது, நிணநீர் வீக்கச் சிகிச்சையில் தனிப் பயிற்சி எடுத்தாரா, கட்டும் போடுவாரா என்று கேளுங்கள். வட அமெரிக்காவில் சான்றிதழ் தேர்வு எழுதவே 135 மணி நேரப் பயிற்சி கேட்கிறார்கள். 'மசாஜ் மட்டும் செய்கிறேன், கட்டு வேண்டாம்' என்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

அழுத்த உறையை வீக்கம் இறங்கிய பிறகு, அந்த அளவுக்கு எடுத்து வாங்குங்கள். உறை வீக்கத்தைக் குறைக்காது, குறைந்ததைப் பிடித்துவைக்கும். வீங்கியிருக்கும்போது அளவெடுத்து வாங்கினால் ஒரு மாதத்தில் தொளதொளக்கும். கைக்கும் விரலுக்கும் தனிக் கையுறை வேண்டுமா என்று கேட்டு வாங்குங்கள். மேல்விளிம்பு சுருண்டு மேல்கையை இறுக்கினால் அளவு தவறு. காலையில் எழுந்ததும் போட்டு, படுக்கும்போது கழற்ற வேண்டும். வெயில் காலத்தில் வியர்க்கிறது என்று மத்தியானம் கழற்றிப் போடுபவர்களுக்குத்தான் சித்திரையில் வீக்கம் கூடும். இரண்டாக வாங்கி மாற்றி மாற்றிப் போடலாம். மென்மையான சோப்பில் கையால் அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்துங்கள். தினமும் போட்டால் ஆறு மாதத்தில் இழுவை போய்விடும். சிரமமில்லாமல் சட்டென்று ஏறுகிறது என்றால் புதிது வாங்கும் நேரம் வந்துவிட்டது.